விலை தினமும் மாறுது, கூகுள் பாட் நாலு நாளைக்கு ஒருக்காதான் வருது: என்ன பண்ணலாம்?

ராயபுரம்13:

காசிமேடு மீன் விலையைப் போடுற தளம். வேர்ட்பிரஸ், ஷேர்டு ஹோஸ்டிங் (பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிர்ந்துக்கறது). வஞ்சிரம், சங்கரா, கொடுவா, நெத்திலி, கடம்பான்னு 22 வகை மீன். விடியற்காலை ஏலம் முடிஞ்சு காலை 6 மணிக்குள்ள அன்னைக்கு விலை ஏறிடும். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மீனுக்கும் தனிப் பதிவு.

சிக்கல் என்னன்னா, பக்கங்களைப் படிச்சுட்டுப் போற கூகுள் பாட் (தானியங்கி நிரல்) அடிக்கடி வரல; வியாழக்கிழமை "காசிமேடு வஞ்சிரம் விலை"ன்னு தேடினா ஞாயித்துக்கிழமை விலையைக் காட்டுது. அதை மொபைல்ல வெச்சுக்கிட்டு கடைக்காரம்மா கிட்ட பேரம் பேசி சண்டை ஆகுது, தளத்து பேரும் கெடுது.

சர்ச் கன்சோல்ல (தளம் நடத்தறவங்களுக்குக் கூகுள் தர்ற கருவி) கிரால் ஸ்டாட்ஸ், அதாவது பாட் வருகைக் கணக்கு: ஒரு நாளைக்கு சுமார் 210 கோரிக்கை, சராசரி ரெஸ்பான்ஸ் நேரம் 1,900 மில்லிசெகண்ட். பேஜஸ் ரிப்போர்ட்ல இண்டெக்ஸ் ஆனது (தேடல் பட்டியல்ல ஏறினது) 410. "டிஸ்கவர்டு - கரன்ட்லி நாட் இண்டெக்ஸ்டு"ல (கூகுளுக்குத் தெரியும், இன்னும் ஏத்தல) 14,000க்கு மேல.

இதுவரைக்கும் பண்ணது: சைட்மேப்ல (தளத்து முகவரிப் பட்டியல்) சேஞ்ச்ஃப்ரீக் (எவ்வளவு அடிக்கடி மாறும்) "ஹவர்லி", பிரையாரிட்டி 1.0. ஹெட்ல "ரீவிசிட்-ஆஃப்டர் 1 டே" மெட்டா டேக். ரோபாட்ஸ்.டெக்ஸ்ட்ல (பாட் எங்க போகலாம்னு சொல்ற கோப்பு) கிரால்-டிலே (வருகைக்கு நடுவுல இடைவெளி) 1. தினமும் காலையில சைட்மேப்பை கூகுளுக்கு பிங் (ping) பண்ற, அதாவது மாறியிருக்குன்னு தெரிவிக்கிற கிரான் ஜாப் (நேரம் வெச்சு தானா ஓடற வேலை). கையால "ரிக்வெஸ்ட் இண்டெக்ஸிங்", கோட்டா முடியிற வரைக்கும். எதுக்கும் அசையல. விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

வண்ணை21:

தம்பி, நீங்க பண்ணதுல முக்கால்வாசி கூகுள் காதுலயே விழாத சங்கதி. முதல்ல அதை எல்லாம் கழட்டிடுங்க.

சேஞ்ச்ஃப்ரீக், பிரையாரிட்டி ரெண்டையும் கூகுள் கண்டுக்கறதே இல்ல. ரீவிசிட்-ஆஃப்டரும் அப்படித்தான். கிரால்-டிலே கூகுளுக்குக் கிடையாது, ஆனா பிங் (Bing) தேடுபொறி அதை மதிக்கும். அதாவது அந்த வரியால பிங் பாட்டை மட்டும் நீங்களே மெதுவா வரச் சொல்றீங்க. சைட்மேப் பிங் (ping) முகவரியை 2023லயே நிறுத்தறதா அறிவிச்சு மூடிட்டாங்க. உங்க கிரான் ஜாப் தினமும் 404தான் ("பக்கம் இல்லை"ங்கற பதில்) வாங்கிக்கிட்டு இருக்கும், லாக் பாருங்க. "வேகத்தைக் கூட்டு" பட்டனைத் தேடியும் அலைய வேணாம். சர்ச் கன்சோல்ல இருந்த கிரால் ரேட் கருவியே 2024 ஜனவரியில போயிடுச்சு, அதுவும் குறைக்கத்தான் உருப்படியா உதவிச்சு.

இண்டெக்ஸிங் ஏபிஐ (கூகுளுக்கு நேரா முகவரி அனுப்பற வழி) பிளகின் போடுங்கன்னு யாராவது சொல்லுவாங்க. வேலைவாய்ப்பு அறிவிப்புப் பக்கத்துக்கும் நேரலை வீடியோ பக்கத்துக்கும் மட்டும்தான் அதை அனுமதிக்கிறாங்க. மீன் விலைக்கு இல்ல.

சைட்மேப்ல முகவரியைத் தவிர கூகுள் பார்க்கிற ஒரே விஷயம் லாஸ்ட்மாட் (பக்கம் கடைசியா மாறின நேரம்). அதுவும் உண்மையா இருந்தா மட்டும். தினமும் காலையில எல்லா பக்கத்துக்கும் ஒரே தேதி ஏத்திக்கிட்டு இருந்தா, கொஞ்ச நாள்ல உங்க லாஸ்ட்மாட்டையே நம்பறதை விட்டுடும். விலை மாறின பக்கத்துக்கு மட்டும் நேரம் மாறணும், கடைசியில +05:30 இருக்கணும். வேர்ட்பிரஸோட சொந்த சைட்மேப்னா 6.5க்கு முந்தைய பதிப்புல லாஸ்ட்மாட்டே வராது, பதிப்பைப் பார்த்துக்குங்க.

பாட் எத்தனை தடவை வரும்ங்கறது ரெண்டு கணக்கு. உங்க சர்வர் எவ்வளவு தாங்கும்ங்கறது ஒண்ணு, உங்க பக்கத்தை மறுபடி பார்க்க எவ்வளவு தேவை இருக்குங்கறது ஒண்ணு. 1,900 மில்லிசெகண்ட்னா முதல் கணக்குலயே அடி. ஆனா எனக்கு உறுத்தறது அந்த 14,000. 22 மீனுக்கு 14,000 பக்கம் எங்கிருந்து வந்துச்சு? ஒரு வாரத்து ஆக்ஸஸ் லாக் (சர்வரோட வருகைப் பதிவு) எடுத்து, கூகுள்பாட் எந்த முகவரிக்கு எத்தனை தடவை போயிருக்குன்னு பிரிச்சுப் போடுங்க. பேரை மட்டும் பார்த்து நம்பாதீங்க, கூகுள்பாட்னு பேர் போட்டுக்கிட்டு கண்ட ஸ்கிரேப்பரும் (உள்ளடக்கத்தை உருவற நிரல்) வரும். ஐபிக்கு ரிவர்ஸ் டிஎன்எஸ் (அந்த எண்ணுக்கு உரிய பேர்) பாருங்க, பேரு கூகுள்பாட்.காம்லயோ கூகுள்.காம்லயோ முடியணும். அந்தப் பேரைத் திரும்பத் தேடினா அதே ஐபி வரணும். ரெண்டும் ஒத்துப்போனா மட்டும் கணக்குல சேருங்க.

---

ராயபுரம்13:

பிங் (ping) கிரான் 404தான் அண்ணா, சரியா சொன்னீங்க. எடுத்துட்டேன்.

7 நாள் லாக், ஐபி சரிபார்த்த அப்புறம் மொத்தம் 1,470:

நாட்காட்டி (முந்தைய மாதம் / அடுத்த மாதம்) 690
விலைப்படி, பெயர்ப்படி வரிசைப்படுத்தற முகவரி 310
301 திருப்பிவிட்டது 180
படம், சிஎஸ்எஸ் 150
ஃபீட் 95
முகப்பு + இன்னைக்கு விலைப் பக்கங்கள் 45

நாட்காட்டியில கூகுள்பாட் 2061ஆம் வருஷம் வரைக்கும் போயிருக்கு. சிரிக்கறதா அழறதான்னு தெரியல.

---

தண்டை81:

1,470ல 45. நூத்துக்கு மூணு. முகப்பையும் சேர்த்து 23 பக்கத்துக்கு வாரம் 45 வருகைன்னா ஒரு பக்கத்துக்கு வாரத்துல ரெண்டு தடவை, அதாவது மூணரை நாளைக்கு ஒருக்கா. உங்க தலைப்புல இருக்கிற "நாலு நாள்" இங்கேயிருந்துதான் வருது. பாட் தினமும் வருது சார். தெருவுக்கு வர்ற தண்ணி லாரியை ஓட்டைக் குடத்துல பிடிக்கிறீங்க, அவ்வளவுதான்.

வரத்தைக் கூட்டறதுக்கு முன்னாடி இருக்கிறதை சரியான இடத்துக்குத் திருப்பணும்.

நாட்காட்டி: "அடுத்த மாதம்" சுட்டிக்கு முடிவே இல்லாததால பாட் போய்க்கிட்டே இருக்கு. நடப்பு மாசத்துக்கு அப்புறம் சுட்டியே வரக்கூடாது. தளம் ஆரம்பிச்ச மாசத்துக்கு முன்னாடியும் வரக்கூடாது. இதை டெம்ப்ளேட்லயே வெட்டணும், ரோபாட்ஸ்.டெக்ஸ்ட் அதுக்கு அப்புறம்தான்.

வரிசைப்படுத்தற முகவரி: பாட்டுக்கு இதால ஒரு பிரயோஜனமும் இல்ல. 22 வரி உள்ள அட்டவணைக்கு சர்வர் போயி வரிசைப்படுத்தணுமா? பிரவுசர்லயே ஜாவாஸ்கிரிப்ட் வெச்சு பண்ணுங்க, முகவரியே உண்டாகாது.

301: மெனுவுலயும் பழைய பதிவுகள்லயும் எச்டிடிபி முகவரி, டபிள்யூடபிள்யூடபிள்யூ உள்ளது, கடைசி சாய்கோடு இல்லாததுன்னு கலந்து கிடக்கும். பாட் ஒவ்வொண்ணையும் தட்டிட்டுத்தான் சரியான முகவரிக்கு வரும். உள் சுட்டிகள் எல்லாத்தையும் இறுதி முகவரிக்கே மாத்துங்க. சைட்மேப்லயும் 200 (பக்கம் சரியா கிடைச்சதுங்கற பதில்) தர்ற முகவரி மட்டும்தான் இருக்கணும்.

இப்ப பெரிய விஷயம். ஒரு நாளைக்கு ஒரு மீனுக்கு ஒரு பதிவுங்கற அமைப்பே தப்பு. கூகுள் எந்த முகவரி அடிக்கடி மாறுதுன்னு கவனிச்சு அதுக்கு ஏத்த மாதிரிதான் திரும்ப வரும். உங்க தளத்துல எந்த முகவரியும் மாறறதே இல்ல. இன்னைக்குப் போட்ட பதிவு நாளைக்கும் அப்படியே கிடக்கும், புதுசா 22 முகவரி முளைக்கும். பாட்டுக்கு அதனால கத்துக்க எதுவும் இல்ல. வஞ்சிரத்துக்கு ஒரே ஒரு நிரந்தரப் பக்கம், மேல இன்னைக்கு விலை, கீழ கடைசி 30 நாள் அட்டவணை. தினமும் அதே முகவரியில உள்ளடக்கம் மாறும். முகப்புலேருந்து 22க்கும் நேர் சுட்டி கொடுங்க.

அப்புறம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள். உங்க சாஃப்ட்வேர் அப்பவும் தினமும் 22 பதிவு போடுதா? அப்படின்னா வருஷத்துக்கு 1,342 "விலை இல்லை" பக்கம், அத்தனையும் 200 கொடுத்துக்கிட்டு. இதைத்தான் சாஃப்ட் 404ன்னு சொல்றது. இந்த மாதிரி பக்கத்தை பாட் திரும்பத் திரும்ப வந்து பார்க்கும். நிஜமான 404 கொடுத்தா வர்றது தானா குறைஞ்சிடும்.

---

மாதவரம்60:

நாட்காட்டி, வரிசை முகவரிகளுக்கு நோஇண்டெக்ஸ் (தேடல்ல காட்டாதேங்கற டேக்) போட்டா முடிஞ்சுது. ரோபாட்ஸ்.டெக்ஸ்ட் எல்லாம் எதுக்கு?

---

வண்ணை21:

முடியாது தலைவா. நோஇண்டெக்ஸைப் படிக்கணும்னா பாட் அந்தப் பக்கத்துக்கு வந்தே ஆகணும். தேடல்ல காட்டாது, ஆனா வருகை செலவானது செலவானதுதான். இங்க பிரச்சனையே வருகைதான். நாட்காட்டிக்கும் வரிசைக்கும் ரோபாட்ஸ்.டெக்ஸ்ட் டிஸாலோதான் (உள்ளே வராதேங்கற வரி) சரி. நோஇண்டெக்ஸையும் டிஸாலோவையும் ஒரே முகவரிக்குச் சேர்த்துப் போடறதும் வீண். உள்ளேயே விடலைன்னா அந்த டேக்கை அது எப்படிப் படிக்கும்?

ரெண்டு எச்சரிக்கை. கேள்விக்குறி உள்ள எல்லா முகவரியையும் ஒட்டுமொத்தமா தடுத்துடாதீங்க. வேர்ட்பிரஸ் சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புக்கு எல்லாம் கேள்விக்குறிக்குப் பின்னால பதிப்பு எண் ஒட்டியிருக்கும், அதுவும் சேர்ந்து அடைபட்டா பக்கமே சரியா ரெண்டர் ஆகாது. அந்தக் குறிப்பிட்ட அளவுருவோட பேரைப் போட்டு மட்டும் தடுங்க. இன்னொண்ணு, பழைய தேதிப் பதிவுகளை ரோபாட்ஸ்ல அடைக்காதீங்க. அடைச்சா நீங்க தர்ற 404ஓ 301ஓ பாட் கண்ணுலயே படாது. விலை இருந்த பதிவை, அந்த விலை மீன் பக்கத்து அட்டவணைக்குள்ள போனதுக்கு அப்புறம், அந்த மீன் பக்கத்துக்கு 301 பண்ணுங்க. தடைக்காலத்து வெத்துப் பதிவுக்கு 404 இல்லைன்னா 410 (நிரந்தரமா எடுத்தாச்சு), எதுவானாலும் பெரிய வித்தியாசம் இல்ல. எல்லாத்தையும் முகப்புக்குத் திருப்பி விடறது மட்டும் வேணாம், அதையும் சாஃப்ட் 404ஆத்தான் எடுத்துக்கும்.

ரோபாட்ஸ்.டெக்ஸ்டை கூகுள் 24 மணி நேரம் வரைக்கும் கேஷ்ல (தற்காலிக நகல்) வெச்சுக்கும். மாத்தின அரை மணியில "வேலை செய்யல"ன்னு திரும்ப மாத்திடாதீங்க.

---

வியாசை39:

யாரும் தொடாத ஒண்ணு இருக்கு: தமிழ் முகவரி. உங்க பதிவு முகவரிகளோட கடைசியில ஒட்டியிருக்கிற -2, -3 எல்லாம் எங்கிருந்து வருதுன்னு பார்த்தீங்களா?

யூடிஎஃப்-8ல (எழுத்தை பைட்டா சேமிக்கிற முறை) ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். முகவரியில அது சதவீதக் குறியோட எழுதப்படும்போது ஒரு குறிக்கு 9 எழுத்து ஆகுது. "மீன்" நம்ம கண்ணுக்கு ரெண்டு எழுத்து. கணினிக்கு ம, ஈகாரக் குறி, ன, புள்ளின்னு நாலு, முகவரியில 36. வேர்ட்பிரஸ் ஸ்லக்குக்கு (முகவரியோட கடைசித் துண்டு) இடம் 200 எழுத்துதான். "காசிமேடு-வஞ்சிரம்-மீன்-விலை"ன்னு எழுதிப் பாருங்க: காசிமேடு 72, கோடு 1, வஞ்சிரம் 72, கோடு 1, மீன் 36, கோடு 1. இதுக்கே 183. "விலை"யில "வ" சேர்ந்தா 192, அடுத்த இகரக் குறி 201க்குப் போயிடும், அங்கேயே வெட்டு. ஸ்லக் "காசிமேடு-வஞ்சிரம்-மீன்-வ"ன்னு நிக்கும். அதுக்குப் பின்னால நீங்க போட்ட தேதி உள்ளேயே வராது. அதனால ஜூன் 15, ஜூன் 16 ரெண்டுக்கும் ஒரே ஸ்லக், வேர்ட்பிரஸ் அடுத்ததுக்கு -2, அதுக்கடுத்ததுக்கு -3னு ஒட்டிக்கிட்டே போகும்.

இன்னொரு கண்ணுக்குத் தெரியாத வில்லங்கம் "கொடுவா". அந்த "கொ"வை ரெண்டு விதமா தட்டலாம். ஒகரக் குறி ஒரே குறியா வர்றது ஒரு வழி. எகரக் குறியும் துணைக்காலும் தனித்தனியா வந்து சேர்றது இன்னொண்ணு. திரையில ரெண்டும் ஒண்ணுதான். ஆனா முகவரியில ஒண்ணு 54 எழுத்து, இன்னொண்ணு 63. கூகுளுக்கு ரெண்டும் வேற வேற பக்கம். விலை ஏத்தறவங்க ரெண்டு பேரு, ரெண்டு கீபோர்டுன்னா இது கட்டாயம் நடக்கும். "ஸ்ரீ"லயும் இதே தலைவலி உண்டு. சேமிக்கிறதுக்கு முன்னாடி தலைப்பை என்எஃப்சி (பிரிஞ்ச குறிகளை ஒண்ணாக்கற யூனிகோடு முறை) வடிவத்துக்கு மாத்துங்க, பிஎச்பியில intl எக்ஸ்டென்ஷன்ல நார்மலைசர் இருக்கு. ஏற்கெனவே ரெட்டையா கிடக்கறதை 301 பண்ணுங்க. என்எஃப்சி "ஸ்ரீ"யைச் சரி பண்ணாது, அதுக்கு முதல் எழுத்து ஸ-வா ஶ-வான்னு பார்த்து நீங்களே மாத்தணும்.

நிரந்தரப் பக்கத்துக்கு ஸ்லக் "வஞ்சிரம்-விலை" போதும், 109 எழுத்துல முடிஞ்சிடும். தமிழ் முகவரியே வேணாம்னு நான் சொல்ல மாட்டேன். தேடல்ல பார்க்க நல்லாத்தான் இருக்கு. நீளத்தைத்தான் அளந்து வைக்கணும்.

---

ராயபுரம்13:

அண்ணா, -47 வரைக்கும் போயிருக்கு. கொடுவாவும் ரெட்டையாத்தான் இருக்கு, இன்னைக்கு வரைக்கும் கவனிக்கவே இல்ல.

சர்வர் பக்கம் என்ன பண்றது? விபிஎஸ்ஸுக்கு (தனியா ஒதுக்கின சர்வர் பங்கு) மாறியே ஆகணுமா? அப்புறம் தடைக்காலத்துல எதுவும் மாறாதே, அப்போ பாட் போயிடாதா?

---

தண்டை81:

விபிஎஸ் எல்லாம் அப்புறம். முதல்ல பேஜ் கேஷ். 23 பக்கம், ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் மாறுது. ஒவ்வொரு வருகைக்கும் பிஎச்பியும் டேட்டாபேஸும் எதுக்கு ஓடணும்? முழுப் பக்கத்தையும் எச்டிஎம்எல் கோப்பா கேஷ் பண்ணினா 1,900ங்கறது ஷேர்டு ஹோஸ்டிங்லயே 200, 300க்கு இறங்க வாய்ப்பு அதிகம். ஆனா விலை ஏத்தின உடனே அந்த மீன் பக்கத்தோட கேஷும், முகப்போட கேஷும், சைட்மேப்போட கேஷும் கழியணும். மூணாவதைத்தான் எல்லாரும் மறப்பாங்க. பக்கம் புதுசு, சைட்மேப்ல நேத்தைய லாஸ்ட்மாட்.

அடுத்து 304. பாட் "போன தடவைக்கு அப்புறம் மாறிச்சா?"ன்னு கேட்டு வந்தா, மாறலைன்னா சர்வர் 304 மட்டும் சொல்லி அனுப்பலாம், பக்கம் முழுசா இறங்காது. சோதிக்க: கர்ல் (கட்டளை வரிக் கருவி) வெச்சு ஒரு தடவை ஹெடரை எடுங்க. லாஸ்ட்-மாடிஃபைடு தேதியையோ ஈடேக்கையோ (பக்கப் பதிப்போட அடையாளம்) குறிச்சுக்கிட்டு, அதையே இஃப்-மாடிஃபைடு-சின்ஸ்லயோ இஃப்-நன்-மேட்ச்லயோ வெச்சுத் திரும்ப கேளுங்க. 304 வரணும். 200 வந்தா கேஷ் பிளகின் அதைச் செய்யல, இல்லைன்னா அடியில "பக்கம் உருவான நேரம்", ஆன்லைன்ல எத்தனை பேருன்னு ஒவ்வொரு தடவையும் மாறற ஏதோ ஒண்ணு இருக்கு. அதைத் தூக்குங்க.

கிரால் ஸ்டாட்ஸ்ல ஹோஸ்ட் ஸ்டேட்டஸையும் திறந்து பாருங்க. ரோபாட்ஸ்.டெக்ஸ்டுக்கு 5ல ஆரம்பிக்கிற பிழை வந்திருந்தா அதுதான் எல்லாத்தையும் விட மோசம். அந்தக் கோப்பு கிடைக்கலைன்னா கூகுள் தளத்தையே தொடறதை நிறுத்தி வைக்கும். 404 வந்தா பரவாயில்ல, தடை எதுவும் இல்லைன்னு எடுத்துக்கும். ஷேர்டு ஹோஸ்டிங்ல ஃபயர்வால் பாட்டுக்கு 403 (அனுமதி இல்லை), 429 (கோரிக்கை அதிகம்)ன்னு கொடுத்துக்கிட்டு இருக்கலாம். 429, 503 (சர்வர் இப்ப தயாரில்லை) வரத் தொடங்கினா பாட் உடனே வேகத்தைக் குறைக்கும், திரும்பக் கூட்டறதோ மெதுவாத்தான். ரெஸ்பான்ஸ் வாரியா பிரிச்ச பட்டியல்ல இது தெரிஞ்சா ஹோஸ்டிங்காரங்ககிட்ட கூகுள்பாட் ஐபி பட்டியலைக் கொடுத்து விடச் சொல்லுங்க. கூகுளே அதை வெளியிடுது.

தடைக்காலம்: ஆமா, 61 நாள் எதுவுமே மாறலைன்னா பாட் இடைவெளியைக் கூட்டிடும், ஜூன் 15 அன்னைக்கு விசைப்படகு கடலுக்குப் போனதும் அதுக்குத் தெரியாது. ஆனா எதுவுமே மாறாதுங்கறது தப்பு. தடை விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகு மீன் வரும். மேற்குக் கரையில தடை ஜூன்லதான் ஆரம்பிக்குது, அதுவரைக்கும் கேரளா பக்கத்து சரக்கு வரும். கருவாடு விலை, ஏரி மீன் விலை இருக்கு. அதை நிஜமாவே சேகரிச்சுப் போடுங்க. வெறும் "இன்று புதுப்பிக்கப்பட்டது"ன்னு தேதியை மட்டும் மாத்தி ஏமாத்தப் பார்த்தா வண்ணை அண்ணன் சொன்ன லாஸ்ட்மாட் கதைதான்.

பிங் (Bing) மாதிரி மத்த தேடுபொறிகளுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு: இண்டெக்ஸ்நவ். ஒரு சாவிக் கோப்பை தளத்தோட வேர்ல வெச்சுட்டு, விலை மாறின முகவரிகளை ஒரே கோரிக்கையில அனுப்பிடலாம், 10,000 வரைக்கும். பிங், யாண்டெக்ஸ் எடுத்துக்கும். கூகுள் இதுல சேரல.

---

வண்ணை21:

இவ்வளவும் பண்ணினாலும் காலை 6 மணிக்கு ஏத்தின விலை 6:05க்கு தேடல்ல வரும்னு யாரும் உத்தரவாதம் தர முடியாது. பாட் மத்தியானம் வந்தா அதுவரைக்கும் நேத்து விலைதான். அதனால சண்டை நிக்கணும்னா வேற ஒரு வேலையும் பண்ணுங்க: விலை தேடல் முடிவுல தெரியவே கூடாது.

உங்க மெட்டா டிஸ்கிரிப்ஷன்ல "வஞ்சிரம் கிலோ இவ்வளவு"ன்னு எண்ணைப் போட்டிருப்பீங்க, எஸ்இஓ பிளகின் தானா எடுத்திருக்கும். அதுல எண்ணை எடுத்துட்டு "காசிமேடு வஞ்சிரம் இன்றைய விலை, கடைசி 30 நாள் அட்டவணை"ன்னு வையுங்க. டைட்டில்லயும் எண் வேணாம். இது மட்டும் போதாது, கூகுள் பக்கத்துலேருந்தே வரியை உருவிக் காட்டும். அதனால விலை எண் இருக்கிற இடத்தைச் சுத்தி டேட்டா-நோஸ்னிப்பெட் (தேடல் முடிவுல இந்த வரியைக் காட்டாதேங்கற குறிப்பு) போடுங்க.

---

ராயபுரம்13:

அது அட்டவணையோட செல்லுலயே போடலாமா?

---

வண்ணை21:

செல்லுல போட்டா எடுபடாது. ஸ்பேன், டிவ், செக்‌ஷன் மூணுலதான் வேலை செய்யும். அட்டவணை முழுசையும் ஒரு டிவ்வுக்குள்ள போட்டு அந்த டிவ்வுல வையுங்க, மேல இருக்கிற இன்னைக்கு விலைக்கு ஒரு ஸ்பேன். டேக் சரியா மூடியிருக்கான்னு பாருங்க, மூடாம விட்டா அதுக்குக் கீழ இருக்கறதும் சேர்ந்து மறைஞ்சிடும். போட்டுட்டு முகப்பையும் வஞ்சிரம் பக்கத்தையும் மட்டும் ரிக்வெஸ்ட் இண்டெக்ஸிங் கொடுங்க. மீதியை விட்டுடுங்க, மூணு நாலு வாரம் கழிச்சு கிரால் ஸ்டாட்ஸ்ல "ரெஃப்ரெஷ்" (தெரிஞ்ச பக்கத்தைத் திரும்பப் பார்த்தது) பங்கு ஏறியிருக்கா, நாட்காட்டி முகவரி லாக்ல நின்னுடுச்சான்னு பார்த்து இங்கேயே போடுங்க.